வாடகைப் புத்தகத்தின் கதை: லண்டன் மியூடி முதல் கையிலுள்ள கிண்டில் வரை



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பொறுமை உள்ளவர்கள் இப்போதே படியுங்கள். மற்றவர்கள் சேமித்து வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை படியுங்கள்.

மாதம் இவ்வளவு என்று சந்தா கட்டினால் போனிலேயே எத்தனை புத்தகம் வேண்டுமானாலும் படிக்கலாம் என்ற ஏற்பாடு ஏதோ நேற்று முளைத்தது என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. புத்தகத்தை விலைக்கு வாங்காமல் வாடகைக்குப் படிப்பது அச்சு எந்திரத்தைவிட வயதில் மூத்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் பஸ்ரா நகரில் வாழ்ந்த அல்-ஜாஹிஸ் என்ற அரபு எழுத்தாளரைப் பற்றி ஒரு செய்தி சொல்வார்கள். ஏழைக் குடும்பம், படிக்கிற பசியோ அடங்காதது. புத்தகக் கடையையே ஓர் இரவுக்கு வாடகைக்குப் பேசி, உள்ளே உட்கார்ந்து விடிய விடியப் படிப்பாராம்.

பிறகு 13-ம் நூற்றாண்டில் பாரிஸ், பொலோனியா பல்கலைக்கழகங்கள். அங்கே பாடப்புத்தகத்தின் சரிபார்த்த மூலப்பிரதி ஒன்று கடைக்காரரிடம் இருக்கும். அதைத் தைக்காமல் தனித்தனி மடிப்புகளாக வைத்திருப்பார். மாணவன் ஒரு மடிப்பை வாடகைக்கு எடுத்துப் போவான், தானே எழுதிக்கொள்வான் அல்லது கூலி கொடுத்து எழுத வைப்பான், திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த மடிப்பை எடுப்பான். வாடகை எவ்வளவு என்பதைக் கடைக்காரர் இஷ்டத்துக்கு விடாமல் பல்கலைக்கழகமே நிர்ணயித்தது. ஒன்றைக் கவனியுங்கள். அந்த வாடகையே நகல் எடுப்பதற்காகத்தான். இன்றைக்கு வாடகைக்குக் கிடைக்கும் மின்னூலில் முதலில் பூட்டப்பட்டிருப்பதே நகல் எடுக்கும் வழிதான். எழுநூறு வருடத்தில் தலைகீழாகிவிட்டது.

நாம் அறிந்த மாதிரியான வாடகை நூல் நிலையம் பிரிட்டனில் 18-ம் நூற்றாண்டில் தொடங்குகிறது. 1725-ல் எடின்பரோவில் ஆலன் ராம்சே என்ற கவிஞர் தொடங்கியதைத்தான் முதலாவது என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அவர் முதலில் செய்த தொழில் டோப்பா கட்டுவது. கடல் தாண்டி பிலடெல்பியாவில் 1731-ல் பெஞ்சமின் பிராங்க்ளினும் நண்பர்களும் வேறு வழியில் போனார்கள். ஐம்பது பேர் சேர்ந்து, தலைக்கு 40 ஷில்லிங் முதல் தவணை, பிறகு வருடத்துக்கு 10 ஷில்லிங் போட்டு, பொதுவில் புத்தகம் வாங்கி வைத்துக்கொண்டார்கள். முதலாவது வியாபாரம், இரண்டாவது கூட்டுறவு. இந்த இரண்டு பாதையையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு ஆகும்.

வாடகை நூல் நிலையம் வந்ததும் கூடவே புகாரும் வந்துவிட்டது. பெண்பிள்ளைகள் கதைப் புத்தகம் படித்துக் கெட்டுப்போகிறார்கள் என்று. 1775-ல் ஷெரிடன் எழுதிய நாடகத்திலேயே இதைக் கிண்டல் செய்திருக்கிறார். எங்கள் வீட்டுத் திண்ணையில் 1970-ல் கேட்ட அதே பேச்சுதான். இருநூறு வருட இடைவெளி, எட்டாயிரம் கிலோமீட்டர் தூரம், வசனம் மட்டும் மாறவில்லை!

இப்போது கதாநாயகருக்கு வருவோம். சார்லஸ் எட்வர்ட் மியூடி. (தமிழில் நேராக எழுதினால் "முடி" என்று வந்துவிடுகிறது. டோப்பாக்காரர் தொடங்கியதை "முடி" தொடர்ந்தார் என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள்.) லண்டனில் புத்தகக் கடை வைத்திருந்த அவர் 1842-ல் புத்தகங்களை வாடகைக்கு விடத் தொடங்கினார். வருடத்துக்கு ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங். அதற்கு ஒரு நேரத்தில் ஒரு வால்யூம் எடுக்கலாம், எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். மற்ற நூல் நிலையங்கள் இதைவிட அதிகம் வாங்கிக்கொண்டிருந்த காலம். 1852-ல் நியூ ஆக்ஸ்போர்டு தெருவில் பெரிய கட்டடத்துக்கு மாறினார். 1853 முதல் 1862 வரை அவர் வாங்கிச் சேர்த்தவை ஏறத்தாழ 9,60,000 வால்யூம்கள். அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக நாவல்கள். பெட்டிகளில் அடைத்து ரயிலில் ஊர் ஊராகவும், கப்பலில் காலனி நாடுகளுக்கும் அனுப்பினார்கள்.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் புது நாவல் ஒன்று மூன்று வால்யூம்களாக வரும். விலை ஒன்றரை கினி, 31 ஷில்லிங் 6 பென்ஸ். சாதாரண உத்தியோகஸ்தன் அதைத் தொட முடியாது. ஆனால் ஒரு நாவலின் விலைக்கும் குறைவான காசில் மியூடியிடம் வருடம் முழுக்கப் படிக்கலாம். அப்படியானால் ஒன்றரை கினி கொடுத்து அந்த நாவலை யார்தான் வாங்கினார்கள்? பெரும்பாலும் மியூடிதான்! அதுவும் ஏறத்தாழப் பாதி விலைக்கு, நூற்றுக்கணக்கில், சில புத்தகங்களை ஆயிரக்கணக்கில். பதிப்பாளருக்கு அச்சடித்த பிரதிகள் நிச்சயம் போகும் என்ற நிம்மதி. மியூடிக்கு, விலை உயர்வாக இருக்கும்வரை ஜனங்கள் வாங்காமல் தன்னிடமே வருவார்கள் என்ற நிம்மதி. மூன்று வால்யூமாக இருந்ததில் இன்னொரு வசதியும் உண்டு. ஒரே நாவலை ஒரே சமயத்தில் மூன்று வீட்டுக்கு விடலாம். முதல் வால்யூம் முதலியார் வீட்டில், இரண்டாவது ஐயர் வீட்டில், மூன்றாவது பிள்ளை வீட்டில் என்று நம்மூர்க் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

நட்டப்பட்டவர் யார் என்றால் எழுதுகிறவர். இரண்டு வால்யூமில் முடியும் கதையையும் மூன்று வால்யூமுக்கு இழுக்க வேண்டும். விக்டோரியா காலத்து நாவல்களில் நடுவில் வரும் பாதிரியார் வீட்டு விருந்து, தூரத்து அத்தையின் உயில், தேவையில்லாத மழை இவற்றுக்கெல்லாம் மியூடியின் பீரோவும் ஒரு காரணம். நம்மூர் தொலைக்காட்சித் தொடர்களில் ஒருத்தி கதவைத் திறக்க மூன்று நாள் ஆகிறதே, அதே வியாதி.

நீளம் மட்டுமா? என்ன எழுதலாம் என்பதையும் அவர்தான் தீர்மானித்தார். மியூடி பக்திமான், கீர்த்தனைகள் எழுதியவர். குடும்பத்தில் எல்லாரும் படிக்கத்தக்கது என்று அவருக்குத் தோன்றினால்தான் புத்தகம் பட்டியலில் வரும். 1883-ல் ஜார்ஜ் மூர் என்ற நாவலாசிரியரின் முதல் நாவலை அவர் பட்டியலில் ஒதுக்கி வைத்தார். மூர் விடவில்லை. அடுத்த நாவலை 1885-ல் ஒரே வால்யூமாக, 6 ஷில்லிங்குக்கு நேரடியாகக் கடைக்கு அனுப்பினார். கூடவே மியூடியைத் தாக்கி ஒரு துண்டுப் பிரசுரமும் போட்டார்.

எனக்கு இதில் மியூடிமேல் கோபம் வரவில்லை. அவர் இல்லாவிட்டால் ஆயிரக்கணக்கான வீடுகளில் நாவலே நுழைந்திருக்காது. ஆனால் ஒரு நாட்டின் வாசிப்புக்கு ஒரே வாசல் இருந்து, அந்த வாசலில் ஒரே ஆள் உட்கார்ந்திருந்தால் இப்படித்தான் ஆகும். ஆள் நல்லவரா கெட்டவரா என்பது அடுத்த கேள்வி.

முடிவு எப்படி வந்தது என்பதுதான் வேடிக்கை. பதிப்பாளர்கள் கொஞ்ச மாதத்திலேயே மலிவுப் பதிப்பு போடத் தொடங்கினார்கள். மலிவுப் பதிப்பு வந்ததும் மியூடியிடம் இருக்கும் பழைய மூன்று வால்யூமை யார் எடுப்பார்கள்? கிடங்கு நிறைந்து போயிற்று. 1894-ல் மியூடி நிறுவனமும் (அவர் 1890-லேயே காலமாகிவிட்டார்) டபிள்யூ.எச். ஸ்மித் நிறுவனமும் சேர்ந்து பதிப்பாளர்களுக்கு ஒரு கடிதம் எழுதின. இனி ஒரு வால்யூமுக்கு 4 ஷில்லிங்குக்கு மேல் தரமாட்டோம், முதல் பதிப்பு வந்து ஒரு வருடம் ஆகாமல் மலிவுப் பதிப்பு போடக்கூடாது. பதிப்பாளர்கள் யோசித்துப் பார்த்தார்கள். அப்படியானால் மூன்று வால்யூமே எதற்கு என்று 6 ஷில்லிங் ஒற்றை வால்யூமுக்குத் தாவிவிட்டார்கள். மூன்றே வருடத்தில் மூன்று வால்யூம் நாவல் விரல்விட்டு எண்ணும் நிலைக்கு வந்தது. மியூடி நூல் நிலையம் தள்ளாடித் தள்ளாடி 1937-ல் மூடியது.

அதற்குப் பின்னும் வாடகை நூலகம் பிரிட்டனில் சாகவில்லை. பூட்ஸ் என்ற மருந்துக்கடை நிறுவனம் 1898 வாக்கில் தன் கடைகளுக்குள்ளேயே நூல் நிலையம் வைத்தது. இருமல் மருந்து வாங்க வருகிறவர் ஒரு நாவலும் எடுத்துப் போகலாம். அது 1966 வரை ஓடியது. அதைக் கடைசியில் மூட வைத்ததில் பேப்பர்பேக் புத்தகங்களுக்குப் பங்கு உண்டு, வரிப்பணத்தில் வளர்ந்த இலவசப் பொது நூலகங்களுக்கும் பங்கு உண்டு.

நம் பக்கம் வருவோம். என் வயதுக்காரர்களுக்கு லெண்டிங் லைப்ரரி என்றாலே ஒரு வாசனை வரும். பழைய காகிதம், பைண்டிங் பசை, கொஞ்சம் ஊதுபத்தி. எங்கள் ஊரில் சைக்கிள் கடைக்குப் பக்கத்தில் ஒரு அறையில் இருந்தது. ஐந்து ரூபாய் டெபாசிட், நாள் வாடகை பத்துப் பைசா. வாரப் பத்திரிகைகளில் வந்த தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து, காலிகோ துணி ஒட்டி பைண்டு செய்து வைத்திருப்பார்கள். என் அம்மா வீட்டைவிட்டு அதிகம் வெளியே போகாதவர். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். நான்தான் பள்ளி விட்டு வரும்போது எடுத்து வருவேன். மத்தியானம் எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு சமையலறை நிலைப்படியில் சாய்ந்து உட்கார்ந்து படிப்பார். ஒரு நாள் வாடகைக்குள் முடிக்க வேண்டும் என்ற வேகம். நடுவில் பக்கம் காணாமல் போயிருந்தால் அதை அவரே கற்பனை செய்து எனக்குச் சொல்வார். சில சமயம் ஆசிரியர் எழுதியதைவிட அது நன்றாகவே இருக்கும். துப்பறியும் நாவல் என்றால் முதல் பக்கத்திலேயே எந்தப் புண்ணியவானோ பென்சிலால் "கொலை செய்தது டிரைவர்தான்" என்று எழுதி வைத்திருப்பார்.

அந்தக் கடைக்காரர் எந்தப் பதிப்பாளரிடமும் அனுமதி வாங்கவில்லை. வாங்க வேண்டிய அவசியமும் இல்லை. இதுதான் இந்தப் பதிவின் முக்கியமான இடம், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். காகிதப் புத்தகத்தை நீங்கள் காசு கொடுத்து வாங்கிவிட்டால் அந்தப் பிரதி உங்களுடையது. இரவல் தரலாம், விற்கலாம், வாடகைக்கு விடலாம், பேத்திக்குச் சீதனமாகக்கூடத் தரலாம். நகல் அடித்து விற்கத்தான் கூடாது. நம் 1957-ம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்திலும், புதுப் பிரதிகளை வெளியிடும் உரிமைதான் ஆசிரியருக்கு. ஏற்கெனவே புழக்கத்துக்கு வந்துவிட்ட பிரதி அதில் சேராது. அமெரிக்காவில் இது 1908-லேயே உச்ச நீதிமன்றம்வரை போனது. பாப்ஸ்-மெரில் என்ற பதிப்பகம் ஒரு நாவலின் உள்ளே, ஒரு டாலருக்குக் குறைத்து விற்றால் உரிமை மீறல் என்று அச்சடித்திருந்தது. மேஸிஸ் கடைக்காரர்கள் 89 சென்ட்டுக்கு விற்றார்கள். முதல் விற்பனையோடு உங்கள் அதிகாரம் முடிந்தது என்று நீதிமன்றம் பதிப்பகத்திடம் சொல்லிவிட்டது. உலகத்தில் உள்ள நூலகங்கள் எல்லாம் இந்த ஒரு தத்துவத்தின் மேல்தான் நிற்கின்றன.

பிராங்க்ளின் பாதை சொன்னேன் அல்லவா, கூட்டாகப் போட்டுப் பொதுவில் வாங்குவது. நம் மாகாணத்தில் அதைச் சட்டமாக்கப் பாடுபட்டவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். கணக்கு வாத்தியாராக இருந்து 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். (வாத்தியார்களால் முடியாதது ஒன்றுமில்லை என்று இங்கே ஒரு வரி சொல்லிக்கொள்கிறேன்.) 1931-ல் மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி கிராமம் கிராமமாகப் போன நடமாடும் நூலகத்தைத் தொடங்கி வைத்தவரும் அவர்தான். 1948-ல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. நாம் கட்டும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்து போகிறது, இன்றைக்கு ரூபாய்க்குப் பத்துக் காசு. ரசீதை எடுத்துப் பாருங்கள், அதில் இருக்கும். அதாவது கிளை நூலகம் இலவசம் அல்ல, நாம் எல்லாரும் ஏற்கெனவே சந்தா கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம்.

இந்த அடித்தளம் மின்னூலில் இல்லை. மின்னூலை நாம் "வாங்குவதில்லை", படிக்க உரிமம் பெறுகிறோம். 2007-ல் கிண்டில் வந்தது. 2009 ஜூலையில் ஒரு காரியம் நடந்தது. ஜார்ஜ் ஆர்வெல்லின் இரண்டு நாவல்களை உரிமை இல்லாத ஒருவர் அந்தக் கடையில் விற்றுவிட்டார். அது தெரிந்ததும் அமேசான், காசு கொடுத்து வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தே அந்தப் புத்தகங்களை அழித்துவிட்டது. பணம் திரும்பக் கொடுத்தார்கள், பிறகு மன்னிப்பும் கேட்டார்கள். ஆனால் அதில் ஒன்று "1984", அரசாங்கம் பழைய செய்திகளையெல்லாம் அழித்துத் திருத்தும் கதை. புத்தகம் குறிப்பெடுத்துப் படித்த ஒரு பள்ளி மாணவனின் குறிப்புகள் எதற்கும் உதவாமல் போயின. நம் வீட்டு அலமாரிக்குக் கடைக்காரர் கையிலும் ஒரு சாவி இருக்கிறது என்பது உலகத்துக்கு அன்றுதான் புரிந்தது. 2025 பிப்ரவரியில் கிண்டில் புத்தகத்தைக் கணினியில் இறக்கி யுஎஸ்பி வழியாக மாற்றும் வசதியையும் எடுத்துவிட்டார்கள்.

நூலகங்கள் பாடு இன்னும் கஷ்டம். 2011-ல் ஹார்ப்பர்காலின்ஸ் ஒரு விதி போட்டது. நூலகத்துக்குக் கொடுக்கும் மின்னூலை 26 முறைதான் இரவல் தரலாம், 27-வது ஆளுக்கு வேண்டுமென்றால் மறுபடி பணம் கட்டு. காகிதப் புத்தகம் அத்தனை தடவை கைமாறினால் கிழிந்துவிடுமாம், அந்தக் கணக்காம். எங்கள் ஊர் லெண்டிங் லைப்ரரிக்காரரிடம் இதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். இருபத்தாறு பேர் என்பது அவருக்கு முதல் மாதக் கணக்கு! மற்ற பெரிய பதிப்பகங்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை உரிமம் புதுப்பிக்க வேண்டும் என்றன. 2019 நவம்பரில் மேக்மில்லன், புதுப் புத்தகம் வந்து எட்டு வாரம்வரை ஒரு நூலக அமைப்புக்கு ஒரே ஒரு பிரதிதான் என்றது. அமெரிக்க நூலகங்கள் பலவும் அதைப் புறக்கணித்தன, 2020 மார்ச்சில் கைவிட்டார்கள். 1894 கடிதம் ஞாபகம் வருகிறதா? அன்று நூலகம் பதிப்பாளரிடம் "ஒரு வருடம் பொறு" என்றது. 2019-ல் பதிப்பாளர் நூலகத்திடம் "எட்டு வாரம் பொறு" என்றார்.

சந்தா நிறுவனங்களின் கதை இன்னும் சுவை. ஸ்கிரிப்ட், ஆய்ஸ்டர் என்ற இரண்டும் 2013-லேயே மாதச் சந்தா தொடங்கின. இந்த வியாபாரம் உடற்பயிற்சிக் கூடம் மாதிரி. பணம் கட்டிவிட்டு வராதவர்களால்தான் லாபம். வாடிக்கையாளர் படிக்கும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் பதிப்பாளருக்குப் பணம் போக வேண்டும். இங்கேதான் காதல் நாவல் வாசகிகள் வந்து சேர்ந்தார்கள். நாளுக்கு ஒன்று என்று படித்துத் தள்ளினார்கள். 2015-ல் ஸ்கிரிப்ட் நிறுவனம் காதல் நாவல்களில் பெரும் பகுதியைப் பட்டியலிலிருந்தே தூக்கிவிட்டது! காரணம், ஜனங்கள் அதிகமாகப் படிக்கிறார்கள். உலகத்தில் வேறெந்த நூலகத்தில் இப்படி ஒரு காரணம் கேட்டிருப்பீர்கள்? ஆய்ஸ்டர் 2016 தொடக்கத்தில் மூடிவிட்டது. என் அம்மாவை ஆறு மாதம் சந்தாவில் சேர்த்திருந்தால் இன்னும் ஒரு நிறுவனம் போயிருக்கும்.

2014-ல் அமேசான் கிண்டில் அன்லிமிடெட் தொடங்கியது, 2015-ல் இந்தியாவுக்கும் வந்தது, பிறகு தமிழ்ப் புத்தகங்களும் சேர்ந்தன. முதலில், வாசகர் புத்தகத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினாலே எழுத்தாளருக்கு ஒரு தொகை என்று வைத்தார்கள். உடனே சின்னச் சின்னப் புத்தகங்களாக வந்து குவிந்தன. முப்பது பக்கப் புத்தகத்துக்கு மூன்று பக்கம் புரட்டினால் போதுமே. 2015 ஜூலையில் படிக்கப்பட்ட பக்கத்துக்கு இவ்வளவு என்று மாற்றினார்கள். இப்போது புத்தகம் நீளத் தொடங்கியது. மூன்று வால்யூம் திரும்பி வந்துவிட்டது. கூடவே இன்னொரு நிபந்தனை. அந்தத் திட்டத்தில் சுயமாகப் பதிப்பிப்பவர்கள் அதே மின்னூலை 90 நாள் வேறெங்கும் தரக்கூடாது.

இதில் நல்லதும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். என்னோடு வேலை பார்த்த ஒருவர் இன்று மாதச் சந்தாவில் பெரிய எழுத்தில் வைத்துக்கொண்டு வாரம் இரண்டு நாவல் படிக்கிறார். கண் புரை அறுவை முடிந்தவருக்கு அது வரப்பிரசாதம். பதிப்பகப் படியேற முடியாத பெண்கள் பலர் தங்கள் நாவல்களைப் போட்டு ஓரளவு சம்பாதிக்கிறார்கள். பழைய காலத்தில் பைண்டு தொடர்கதையிலிருந்து எழுத்தாளருக்கு ஒரு பைசா போகவில்லை என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

இந்த இடத்தில் ஏன் இவ்வளவு எழுதுகிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியின் பழைய மாணவர்கள் நூலகத்துக்கு வருடாவருடம் ஒரு தொகை தர முன்வந்திருக்கிறார்கள். புத்தகமாக வாங்குவதா, நாலைந்து டேப்லெட் வாங்கி மின்னூல் சந்தா கட்டுவதா என்று அவர்களுக்குள் இரண்டு கட்சி. "டீச்சர், நீங்களே சொல்லுங்க" என்று வாட்ஸ்அப் குழுவில் என்னை இழுத்துவிட்டார்கள். நான் எழுதிய பதில் இதுதான். அந்தப் பணத்துக்குப் புத்தகம் வாங்குங்கள். ஐந்தாவது வருடம் யாராவது கல்யாணம், வீட்டுக் கடன் என்று பணம் தராமல் போனால், பீரோவில் நாலு வருடப் புத்தகம் அப்படியே இருக்கும். சந்தா என்றால், கட்டாத மாதம் அலமாரி காலி. டேப்லெட்டும் வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதில் சந்தா இல்லாமலே படிக்க நிறைய இருக்கிறது. 1998 முதல் மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து பொதுவில் வைத்திருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் இருக்கின்றன. அவற்றை இறக்கி வைத்துக்கொண்டால் யாரும் வந்து எடுத்துப்போக மாட்டார்கள்.

குழுவில் ஒரு தம்பி, வங்கியில் இருப்பவர், நல்ல கேள்வி கேட்டார். "டீச்சர், அரசாங்கமே சந்தாவுக்குப் போகிறதே?" என்று. உண்மைதான். "ஒரே நாடு ஒரே சந்தா" என்று மத்திய அரசு மூன்று வருடத்துக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, 2025 ஜனவரி முதல் அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு சுமார் 13,000 ஆய்விதழ்களைத் திறந்துவிட்டிருக்கிறது. மாவட்டக் கல்லூரி மாணவிக்கு முன்பு கைக்கு எட்டாதது இப்போது எட்டுகிறது, பாராட்ட வேண்டிய காரியம். ஆய்விதழுக்கு அது பொருந்தும், ஆறாம் வகுப்புப் பிள்ளையின் கதைப் புத்தகத்துக்குப் பொருந்தாது என்பது என் கட்சி. ஆராய்ச்சி மாணவிக்கு இந்த வருடத்துக் கட்டுரை இந்த வருடம் வேண்டும். பிள்ளைக்கு அக்கா படித்த அதே புத்தகம் வேண்டும்.

இனி என்ன ஆகும்? நீதிமன்றங்கள் இரண்டு திசையில் போயிருக்கின்றன. 2016-ல் ஐரோப்பிய நீதிமன்றம், ஒரு பிரதியை ஒரு நேரத்தில் ஒருவருக்குத் தருவதாக இருந்தால் மின்னூல் இரவலும் நூலக இரவல்தான் என்றது. அமெரிக்காவில் மேரிலாண்ட் மாநிலம், நூலகங்களுக்கு நியாயமான நிபந்தனையில் மின்னூல் தர வேண்டும் என்று 2021-ல் சட்டம் போட்டது. மறுவருடமே அது செல்லாது என்று ஆகிவிட்டது. பிறகு இன்டர்நெட் ஆர்க்கைவ் வழக்கு. காகிதப் புத்தகத்தை ஸ்கேன் செய்து, பிரதிக்கு ஒருவர் என்று இரவல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 2020-ல் கொரோனா ஊரடங்கின்போது அந்தக் காத்திருப்பு வரிசையையும் எடுத்துவிட்டார்கள். நான்கு பெரிய பதிப்பகங்கள் வழக்குப் போட்டன. 2023 மார்ச்சில் ஒரு தீர்ப்பு, 2024 செப்டம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பு, இரண்டிலும் ஆர்க்கைவுக்குத் தோல்வி. ஐந்து லட்சம் புத்தகங்கள் இரவல் பட்டியலிலிருந்து போயின. இலவசமாகக் கொடுத்தால் எழுதுகிறவர் என்ன சாப்பிடுவார் என்ற கேள்வியும் நியாயமானதுதான்.

அதற்கு ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறது. 1946-ல் டென்மார்க் தொடங்கியது. பொது நூலகங்களில் இருக்கும் புத்தகங்களுக்காக அரசாங்கமே எழுத்தாளருக்குப் பணம் தரும். பிரிட்டனில் 1979-ல் சட்டமாகி 1984 முதல் கொடுக்கிறார்கள், இரவல் போன எண்ணிக்கையைப் பார்த்து. வாசகர் தனியாக ஒன்றும் தர வேண்டாம், எழுத்தாளரும் பட்டினி கிடக்க வேண்டாம். முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் இது உண்டு. இந்தியாவில் இல்லை. நம்மிடம் நூலக வரி இருக்கிறது, கிளை நூலகங்கள் இருக்கின்றன. கிளை நூலகத்தில் ஒரு நாவல் வருடத்துக்கு ஐம்பது முறை வெளியே போனாலும் அதை எழுதியவருக்குத் தெரியக்கூட வழியில்லை. மின்னூல் இரவலை நம் நூலகங்கள் தொடங்கும்போதாவது இதைச் சேர்த்து யோசிக்க வேண்டும். நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்ட பிறகு யோசித்துப் பயனில்லை. எழுத்தாளர் சங்கங்கள் இதைக் கையில் எடுத்தால் கையெழுத்துப் போட முதல் ஆளாக நான் வருகிறேன்.

ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் லெண்டிங் லைப்ரரி இருந்ததா? எந்தத் தெரு, டெபாசிட் எவ்வளவு, நாள் வாடகை எவ்வளவு, எந்த வருடம் மூடியது என்று கீழே எழுதுங்கள். பைண்டு புத்தகம் யார் வீட்டிலாவது இன்னும் இருந்தால் அட்டையைப் படம் எடுத்துப் போடுங்கள். ஊர்வாரியாக ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வருகிறேன். இதுவரை பதினோரு ஊர் சேர்ந்திருக்கிறது, தென் மாவட்டங்களிலிருந்து ஒன்றுகூட வரவில்லை.